தூசி டாக்டரும் எட்டு சதவீதமும்

தெருவில் அவளுக்குத் 'தூசி டாக்டர்' என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வைத்தது வேறு யாருமல்ல, கூடவே குடியிருக்கும் சொந்த அக்காதான். அக்கா தையல்காரி. கையிலிருக்கும் கத்தரியைவிட வாய் கூர்மை. "எங்க வீட்டு அலமாரி மேல விரலாலயே கையெழுத்துப் போடலாம், அவ்வளவு தூசி. அதைத் தட்ட இவளுக்கு நேரமில்ல. ஊர்த் தூசியைப் பிடிச்சு, எடை போட்டு, டப்பாவில அடைச்சு, நம்பர் ஒட்டி வைப்பா" என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. செய்கிற வேலையும் அதுதானே. நாற்பத்தேழு வயது, வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் அவளுடைய ராஜ்யம். பன்னிரண்டு வருடங்களாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இரண்டே இரண்டு விஷயங்களைப் பார்த்துவந்தாள். காற்றில் மிதக்கும் நுண்தூசி எவ்வளவு, ஓசோன் எவ்வளவு.

ஓசோன் என்றதும் அக்கா ஒருமுறை கேட்டாள்: "அது நல்லதுதானேடி? வானத்துல ஓட்டை விழுந்துச்சுன்னு அந்தக் காலத்துல அவ்வளவு கத்தினாங்களே?"

"மேல இருக்கறவரைக்கும் நல்லதுக்கா. வெயிலோட விஷத்தைத் தடுக்கும். அதே கீழ, நாம மூச்சு விடற இடத்துல உண்டானா நெஞ்சை அரிச்சுடும்."

"அப்ப நம்ம பெரியப்பா மாதிரி. வெளியூர்ல இருந்தாத்தான் நல்லவர்" என்றாள் அக்கா. அதற்குமேல் அவள் ஓசோனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மாடியில் இன்னொருவரும் உண்டு. அறையைப் பூட்டித் திறப்பது, பெருக்குவது, கம்பத்தில் ஏறுவது எல்லாம் அவர் பொறுப்பு. மாடிக்காரர் என்றே எல்லோரும் அழைப்பார்கள். கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பம். அதன் தலையில் கவிழ்த்து வைத்த புனல். வெளிக்காற்று அந்தப் புனல் வழியாகக் குழாயில் இறங்கி அறைக்குள்ளிருக்கும் இயந்திரத்துக்கு வரும். தூசி டாக்டருக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. ஆகவே முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கம்பமும் புனலும் அவர் பாடு, குழாயும் இயந்திரமும் அவள் பாடு. பன்னிரண்டு வருடங்களில் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தலையிட்டதே இல்லை. அந்த ஒழுங்கைப் பற்றி அவளுக்குப் பெருமை வேறு.

சரி, கதைக்கு வருகிறேன். ஊரின் கிழக்கே வரிசையாக இரும்பு உருக்கும் உலைகள். அவை இருக்கும் உலைத்தெருவில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டும். இரண்டேகால் வருடத்துக்கு முன்னால், எத்தனையோ சண்டைக்குப் பிறகு, உலைகளின் புகைக்கூண்டுகள் எல்லாவற்றிலும் புகைவடிகட்டி மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாட்டினார்கள். மாடியில் தூசி பாதிக்குப் பாதி குறைந்தது. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு குதிக்காத குறை.

ஆனால் அதே மாதத்திலிருந்து இன்னோர் எண் ஏறத் தொடங்கியது. ஓசோன். நடுப்பகல் அளவு இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அவள் திடுக்கிட்டாலும் காரணம் சொல்ல முடிந்தது. தூசி குறைந்தால் வெயில் நேரே இறங்கும். வாகனப் புகையிலிருந்து ஓசோன் சமைவதே வெயிலில்தான். தூசியின் மேல் ஒட்டிக்கொண்டு வீணாகப்போகும் சில வாயுக்கூறுகளும் இப்போது ஒட்ட இடமில்லாமல் ஓசோனைப் பெருக்கும். வேறு நகரங்களிலும் இப்படி நடக்கலாம், தூசித்திரை விலகினால் பூமியின் சூடும் கூடலாம், ஆகவே தூசியோடு வாகனப் புகையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று எழுதினாள். கட்டுரை பெரிய இதழில் வந்தது. நிலைய இயக்குநர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

கட்டுரையின் பின்பாதியை யார் படித்தார்கள்? உலை முதலாளிகள் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 'வடிகட்டி மாட்டியதால் காற்று கெட்டுவிட்டது, விஞ்ஞானியே சொல்கிறார்' என்று வக்கீல் வைத்து மனுப் போட்டார்கள். வடிகட்டியைக் கழற்ற அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு குழு விசாரித்தது. கடைசி அமர்வு ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. அவளைச் சாட்சி சொல்ல அழைத்திருந்தார்கள்.

அன்று காலை ஏழே முக்காலுக்கு அச்செடுத்த தாள்களை எடுத்துவர மாடிக்குப் போனாள். அக்காவும் கூடவே வந்தாள். தங்கை நாலு பேர் முன்னால் பேசுவதற்கென்று நீல நிற மேல்சட்டை ஒன்று தைத்திருந்தாள்; அதைத் தங்கைக்குப் போட்டுப் பார்த்து, கையில் இன்னும் ஒரு தையல் போட வேண்டும் என்று ஊசி நூலோடு புறப்பட்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு வருடங்களில் அவள் அந்த மாடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. மூச்சிரைக்க ஏறி, கதவைத் தாண்டி நாலடி வைத்தவள் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்டி, இங்க துணி மூட்டை எதுவும் வச்சிருக்கியா?"

"துணியா? இங்க எதுக்குத் துணி?"

"அந்துருண்டை வாசம் அடிக்குதே. என் கடைப் பெட்டியைத் திறந்தா அடிக்கிற அதே வாசம்."

தூசி டாக்டருக்கு வாசனை தெரியாது. நாலு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனபோது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. 'மூக்கை அடகு வச்சுட்டு ஊர்க் காத்தை மோந்து பாக்கறவ' என்று அக்கா அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தாள். அன்றைக்கு அந்தக் கேலி வரவில்லை.

ஏனென்றால் தங்கையின் முகம் வெளிறிவிட்டது. இயந்திரம் ஓசோனை எப்படி அளக்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும்? கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியைக் காற்றின் ஊடே பாய்ச்சும். ஓசோன் அந்த ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி காணாமல் போனதோ அவ்வளவு ஓசோன். அந்துருண்டையின் ஆவியும் அதே ஒளியை விழுங்கும். விழுங்கியது யாரென்று இயந்திரம் கேட்காது. படிப்பு முடித்த வருடம் ஏதோ ஒரு கையேட்டின் அடிக்குறிப்பில் வாசித்தது.

"அண்ணே!" என்று கத்தினாள். மாடிக்காரர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். "அண்ணே, இங்க எங்கேயாவது அந்துருண்டை வச்சிருக்கீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம். "ஆமாங்க டாக்டரம்மா. புனலுக்குள்ளதான். துணியில முடிஞ்சு கம்பியில கட்டியிருக்கேன். நீங்கதானே சொன்னீங்க, குளவி வரக்கூடாதுன்னு?"

சொன்னாள். சத்தியமாகச் சொன்னாள். இரண்டேகால் வருடத்துக்கு முன் புனலுக்குள் குளவி கூடு கட்டி, குழாய் அடைத்து, ஒன்பது நாள் அளவு வீணாகிவிட்டது. அன்று மாடியே அதிரும்படி கத்தினாள். 'என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது, இனிமே ஒரு பூச்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது!' அவர் ஒரு பூச்சியையும் எட்டிப் பார்க்க விடவில்லை. என்ன செய்தார் என்று அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

"எப்ப வச்சீங்க?"

"அந்த மாசமே வச்சுட்டேங்க. கரைஞ்சு போகப் போகப் புதுசு மாத்திடுவேன். ஒரு தடவை கூடத் தவறினதில்ல."

அந்த மாதம். உலைகளில் வடிகட்டி மாட்டிய அதே மாதம். வெயில் ஏற ஏற உருண்டை அதிகமாக ஆவியாகும். ஓசோனும் வெயில் ஏற ஏறத்தான் கூடும். அப்படியே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டு இரண்டேகால் வருடம் அவளை முட்டாளாக்கியிருக்கிறது. இயந்திரத்துக்கு மாதாமாதம் பரீட்சை வைத்தாள்; அது நூற்றுக்கு நூறு வாங்கியது. வாங்காமல் என்ன செய்யும்? ஓசோன் அளவு தெரிந்த பரீட்சைக் காற்றை அவள் இயந்திரத்தின் முதுகில்தான் செருகினாள். புனலின் வாயிலிருந்து விட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதமே குட்டு உடைந்திருக்கும். புனல்தான் அவள் பாடு இல்லையே!

இரவில் இந்த ஊரில் ஓசோன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போக வேண்டும். இரண்டு வருடமாகப் பதினாலுக்குக் கீழே இறங்கவே இல்லை. அதற்கும் ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தாள், மேற்கே மலைக்காற்று என்று. புத்திசாலிகளுக்கு இதுதான் ஆபத்து, எதற்கும் ஒரு விளக்கம் கையில் இருக்கும்.

"அக்கா, மணி என்ன?"

"எட்டு."

திரையில் எண் நாற்பத்தேழு என்று இருந்தது. நூறு கோடிப் பங்கு காற்றில் நாற்பத்தேழு பங்கு ஓசோன். மாடிக்காரரை ஏணியில் ஏற்றி முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். பழைய குழாயில் ஆவி ஊறியிருக்கும் என்று புதுக் குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். இயந்திரத்துக்குள் ஓசோனை வடிகட்டும் குப்பியிலும் ஆவி படிந்திருக்கும், அதையும் மாற்றினாள். அவசரத்தில் திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் அக்கா தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காலை நேரம். வெயில் ஏறுகிறது. உண்மையான ஓசோனாக இருந்தால் இப்போது ஏற வேண்டும்.

நாற்பத்து நாலு. நாற்பத்தொன்று.

'இறங்காதே' என்று வேண்டிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் எண்களிடம் உண்மையை மட்டுமே கேட்டவள், அன்று ஓர் எண்ணிடம் பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கெஞ்சினாள். முப்பத்தாறு. முப்பது. மாடிக்காரருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை; ஆனால் அக்கா தங்கையின் முழங்கையை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து அவரும் துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்பதே காலுக்கு எண் இருபத்தொன்றில் வந்து நின்றது.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றாள். "அண்ணே, அந்த உருண்டையைக் கையில எடுத்துக்கிட்டு ஏணியில ஏறுங்க. புனல் வாய்க்குக் கிட்ட பிடிங்க."

அவர் ஏறினார். பிடித்தார். நாலே நிமிடத்தில் ஐம்பத்திரண்டு.

கையும் களவுமாகப் பிடிபட்டாகிவிட்டது. யார் பிடிபட்டார்கள் என்பதுதான் கேள்வி. மாடிக்காரர் ஏணியில் நின்றபடியே திருதிருவென்று விழித்தார். "ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா, டாக்டரம்மா?" என்று மேலிருந்து கேட்டார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். போன தடவை இப்படித் திறந்த வாய்தானே இத்தனைக்கும் காரணம் என்று தோன்றியது. மூடிக்கொண்டாள்.

"இறங்கி வாங்க, பாத்து" என்று மட்டும் சொன்னாள்.

இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு காலை அளவை வச்சு ரெண்டு வருஷ வேலையைத் தப்புன்னு சொல்லிட முடியுமா, டாக்டர்?" என்றார். "நிதானமா ஆராய்வோம். ஒரு மாசம் எடுத்துக்குங்க. இன்னிக்கு மட்டும் கேட்ட கேள்விக்கு மேல வாயைத் திறக்காதீங்க. கட்டுரையில என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, உக்காருங்க. போதும்."

"இன்னிக்குத்தானே சார் முடிவு பண்றாங்க? வடிகட்டியைக் கழட்டிட்டா?"

"அது அவங்க பாடு. நம்ம நிலையத்தோட பேரு நம்ம பாடு."

அவர் பாடு, இவள் பாடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்கா மேல்சட்டைக் கையில் விட்டுப்போன தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு உன் ஆராய்ச்சி தெரியாது" என்றாள். "ஆனா ஒண்ணு. அளவு தப்பா எடுத்துத் தச்ச சட்டையை, இப்போதைக்குப் போட்டுக்குங்க, அடுத்த மாசம் பிரிச்சுத் தரேன்னு சொல்லி நான் யாருக்கும் கொடுத்ததில்ல."

விசாரணைக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உலைத்தெருப் பெண்கள் ஒரு பக்கம், முதலாளிகள் ஒரு பக்கம். பெண்கள் அவளைப் பார்த்த பார்வையில் நெருப்புப் பறந்தது. முதலாளிகளின் வக்கீல் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "உங்களை நம்பித்தாம்மா நாங்க நிக்கறோம்" என்றார். தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள். இரண்டாம் வரிசையில் இயக்குநர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவி பழைய நீதிபதி. வளவளவென்று பேசாதவர். "ஒரே கேள்விதான். வடிகட்டி மாட்டினப்புறம் ஓசோன் மூணுல ஒரு பங்கு கூடியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த முடிவுல நிக்கறீங்களா?"

'நிற்கிறேன்' என்றால் ஒரு வார்த்தை. சட்டம் போட்ட கட்டுரை சட்டத்திலேயே இருக்கும். மாடி அறை இருக்கும். ஒரு மாதம் கழித்து மெல்லத் திருத்தம் போடலாம். உலகத்தில் யார் போடவில்லை?

"இல்லைங்க" என்றாள்.

பிறகு வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். புனல், குளவி, உருண்டை, காலையில் இறங்கிய எண். "மூணுல ஒரு பங்கு தப்பு. சரியான அளவு என்னன்னு இப்ப எனக்குத் தெரியாது" என்று முடித்தாள். பின் வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். வக்கீலின் முகம் செத்துப்போனது. மறு நொடியே உயிர் வந்தது.

"அந்த உருண்டையை வச்சது யாரு? பேரைச் சொல்லுங்க. யாராவது வேணும்னே வச்சிருக்கலாமில்லையா?"

கூடத்தின் கடைசியில், கதவோரம், மாடிக்காரர் நின்றிருந்தார். தாள்கட்டைச் சுமந்துகொண்டு கூடவே வந்தவர். அவர் தலை குனிவதை அவள் பார்த்தாள்.

"என் உத்தரவுலதான் வச்சது" என்றாள். "வேற பேரு எதுவும் கிடையாது."

மனு தள்ளுபடி ஆனது. வடிகட்டிகள் அப்படியே இருக்கும். உலைத்தெருப் பெண்கள் வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 'எங்க தூசி டாக்டர்' ஆகிவிட்டாள். அன்று சாயங்காலமே வரவேற்பறையில் சட்டம் காணாமல் போனது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. இதழுக்கு அவளே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மாடிக்காரரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். "உத்தரவு போட்டவளைத் தூக்குங்க சார், அப்புறம் அவரைப் பாக்கலாம்" என்று இவள் இரண்டு காலிலும் நின்றாள். கடைசியில் இரண்டு பேரையும் தூக்கவில்லை. ஆனால் 'வச்சது யாருன்னு எனக்கு எழுத்துல ஆதாரம் கிடைக்கட்டும், அப்ப பேசிக்கறேன்' என்று எச்சரித்து அனுப்பினார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. முடியவில்லை. மறுநாள் மாடிக்காரர் சுருட்டிய மூன்று மாதநாட்காட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"உருண்டை மாத்தின தேதி எல்லாம் வட்டம் போட்டு வச்சிருக்கேங்க. எத்தனை உருண்டைன்னும் பக்கத்துலயே எழுதியிருக்கேன். நம்ம பதிவேட்டுல எழுதலாம்னு நெனச்சேன். ஆனா அது இயந்திரத்து விஷயம் மட்டும் எழுதறதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க."

அவள் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் பேனா இரண்டு முறை சுற்றிய வட்டம். புது உருண்டை போட்ட நாளன்று அளவு எகிறியிருக்க வேண்டும், கரையக் கரையக் குறைந்திருக்க வேண்டும். எகிறியிருந்தது. குறைந்திருந்தது. தேதி, வெயில், உருண்டை எண்ணிக்கை மூன்றும் கையில் இருந்தால் பொய்யை மட்டும் கழித்துவிட்டு மெய்யை எடுக்கலாம். ஏழு வாரம் உட்கார்ந்தாள். உருண்டை இல்லாத அந்த ஏழு வாரங்களின் அளவை, வடிகட்டிக்கு முந்தைய வருடத்தின் அதே ஏழு வாரங்களோடும் ஒப்பிட்டாள். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தது.

எட்டு சதவீதம். மூன்றில் ஒரு பங்கு இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. தூசி குறைந்தபோது ஓசோன் உண்மையிலேயே கூடியிருக்கிறது. அவள் சொன்ன காரணம் சரிதான், அளவுதான் பொய்.

"அடிப் பாவி, சந்தோஷப்படேன்! ஏன் இப்படி உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா.

"இதைப் போய்ச் சொல்லணுமேக்கா. குழுகிட்ட தெரியாதுன்னுதானே சொல்லிட்டு வந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அக்காவின் கையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. "சொன்னா அந்த வக்கீல் மறுபடி கிளம்புவான். உலைத்தெருவுல உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. அவங்களே உன்னைக் கீழ போட்டு மிதிப்பாங்க. போன தடவை இந்தப் பக்கம் வாங்கிக் கட்டிக்கிட்டே. இந்தத் தடவை ரெண்டு பக்கமும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறே?"

"நீதானே சொன்னே, அளவு தப்பா தச்ச சட்டைன்னு."

"என் வாயில மண்ணு விழ" என்றாள் அக்கா. ஆனாலும் அதே நீல மேல்சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அவள் எழுதிக் கேட்டதன்பேரில் குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை கூடத்தில் பாதிக் கூட்டம்தான். உலைத்தெருப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து நின்று சொன்னாள். எட்டு சதவீதம் கூடியது உண்மை. அதற்காக வடிகட்டியைக் கழற்றினால் தூசி இரண்டு மடங்காகும், அது இதைவிடப் பல மடங்கு கெடுதல். குறைக்க வேண்டியது வாகனப் புகையையும் பெயிண்டில் கலக்கும் கரைப்பானின் ஆவியையும். அவள் பேசப் பேசச் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கையைப் பிடித்து விடாமல் நின்றிருந்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வக்கீல் எழுந்தார். "போன தடவை தப்புன்னீங்க. இப்ப எட்டுன்னு சொல்றீங்க. நாளைக்கு எண்பதுன்னு சொல்வீங்களா? கெட்டுப்போன அளவுலேர்ந்து இந்த எட்டை எப்படி எடுத்தீங்க? உருண்டை என்னிக்கு வச்சது, எத்தனை வச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் எங்கே?"

நல்ல கேள்வி. நாட்காட்டிகள் அவள் பைக்குள்தான் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் மாடிக்காரரின் கையெழுத்து. இரண்டாம் வரிசையில் இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எடுத்துக் காட்டினால் அவர் கேட்ட எழுத்து ஆதாரம் அவர் மடியிலேயே போய் விழும். காட்டாவிட்டால் எட்டு சதவீதம் காற்றில் போகும். ஏழு வார வேலை. ஒரு மனிதனின் சோறு. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆதாரம் இருக்கா, இல்லையா?" என்று தலைவி கேட்டார்.

"இருக்கு. ஆனா அதை இங்கே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

கதவோரமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மாடிக்காரர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். அவள் அருகில் வந்து, மெல்ல அவள் பிடியிலிருந்து பையை வாங்கி, நாட்காட்டியை எடுத்தார்.

"அண்ணே, வேண்டாம்" என்றாள் அவள் அடிக்குரலில்.

"புனல் என் பாடுங்க, டாக்டரம்மா" என்றார். பிறகு தலைவியைப் பார்த்துக் கும்பிட்டார். "உருண்டையை வச்சது நான்தாங்க. இவங்களுக்கு அது தெரியவே தெரியாது. தேதி எல்லாம் என் கைப்பட இதுல இருக்கு."

இயக்குநரின் பேனா தாளில் ஓடத் தொடங்கியது. மாடிக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை முதல் வட்டத்தின் மேல் வைத்து, தேதியை உரக்க வாசித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று, அந்தத் தேதிக்கான அளவைச் சொன்னாள்.